குனியாத மருமகள்

சோலோ நகரத்தில் மாமியார் வீட்டுக் கூடம். பாயில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் தேநீர்த் தட்டோடு பார்த்தினி நிமிர்ந்தே நடக்கிறாள். பெரியவர்களைக் கடக்கும்போது முதுகை வளைத்துக் குனிந்து போவதுதான் இங்கே மரியாதை. இனி வளைத்தால் பார்த்தினியின் முதுகெலும்பு நொறுங்கிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். தட்டில் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுக்கின்றன. “மகாராணி வர்றாங்க, வழி விடுங்க,” என்கிறாள் நாத்தனார் ரெத்னோ. “எலும்பு தேஞ்சு போச்சுன்னு எத்தனை வாட்டிக்கா சொல்றது?” என்கிறாள் பார்த்தினி. “எங்க சின்னம்மாவப் பாரு. இந்த வயசுலயும் என்ன பணிவு!” பார்த்தினி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள். கொல்லை வெயிலில் சின்னம்மாவுக்கு எதிரே யாருமே இல்லை. அப்போதும் குனிந்தபடியேதான் நிற்கிறாள். கொடியில் காயும் துணிக்குக் கை எட்டவில்லை.