சாப்பாட்டுக் காசு

"நான் கட்டினதைவிட நீங்க அதிகமா காட்டுறீங்க. அது எப்படிம்மா முடியும்?" என்றான் டெரக்.

போனைக் காதில் வைத்துக் காத்திருந்து, நாற்பது நிமிடம் பியானோ கேட்ட பிறகு கிடைத்த குரல். கத்தினால் மறுபடி பியானோதான். அதனால் கத்தவில்லை. பென்ஷன் கம்பெனிப் பெண் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். மறுபடி பியானோ.

டெரக் ரயில் ஓட்டுபவன். நாற்பது சதவீத வரி கட்டுபவன். சொந்தமாகக் கட்டிவரும் பென்ஷனுக்கு வரிச்சலுகை உண்டு. அதில் பாதியைக் கம்பெனியே அரசாங்கத்திடம் வாங்கிச் சேர்த்துவிடும். மறுபாதியை நாமாகத்தான் கேட்க வேண்டும். கேட்காதவனுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. டெரக் பத்து வருடமாகக் கேட்கவில்லை. போன வாரம் டிப்போ கேண்டீனில் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது. நான்கு வருடம்வரை பின்னால் போய்க் கேட்கலாம். இன்று ஏப்ரல் ஐந்து. விடிந்தால் ஒரு வருடத்துப் பணம் போய்விடும்.

வரப்போகும் பணத்துக்கு ஏற்கெனவே வேலை வைத்திருந்தான். மாமனார் க்ளிஃபர்டை முதியோர் குடியிருப்பில் சேர்க்க முன்பணம்.

மாமியார் இறந்ததும் இரண்டு வாரம் இருப்பதாக வந்தவர். மூன்று வருடம் ஆகிறது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, "வாரம் நாப்பது பவுண்டு தர்றேன் தம்பி. சாப்பாட்டுக் காசு" என்றார். அந்த ஊரில் சம்பாதிக்க ஆரம்பித்த மகனே அம்மாவிடம் சாப்பாட்டுக் காசு கொடுத்துவிட்டுத்தான் மேஜையில் உட்காருவான். டெரக் மரியாதைக்கு, "சொந்தத்துக்குள்ள யாராவது வாங்குவாங்களா?" என்றான்.

ஒரு தடவை வேண்டாம் என்றால் இரண்டாவது தடவை நீட்டுவதுதான் முறை. அப்போது முனகிக்கொண்டே வாங்கிக்கொள்ளலாம். க்ளிஃபர்ட் இரண்டாவது தடவை நீட்டவில்லை. "நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது தடவைக்காக டெரக் மூன்று வருடம் காத்திருந்தான்.

காலையில் இரண்டு முட்டை. நாள் தவறாமல் வெந்நீர்த் தொட்டி நிறையக் குளியல். ஜன்னலோர நாற்காலி அவருக்கே எழுதிக்கொடுத்தது மாதிரி. அவருக்கு வருகிற ஓய்வூதியம் எங்கேதான் போகிறது என்று மனைவி ஜோசியிடம் கேட்டால், நீயே கேளேன் என்பாள். வேண்டாம் என்று சொன்ன வாயாலேயே எப்படிக் கேட்பது? குடியிருப்பு விஷயம் சொன்னபோது ஜோசி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், "சரி. ஆனா அப்பாகிட்ட நீதான் சொல்லணும்" என்றாள். குடியிருப்புக்காரர்கள் நாளைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். எனவே இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

பியானோ நின்றது.

"மிஸ்டர் ஹோல்ராய்ட், நீங்க கட்டுறது மாசம் இருநூறு. நாங்க வாங்கிச் சேர்த்ததோட வருஷத்துக்கு மூவாயிரம். ஃபார்ம்ல அந்தத் தொகையைத்தான் எழுதணும். உங்க பேங்க்ல கழிஞ்சதை எழுதக்கூடாது."

அது காலையிலிருந்து மூன்றாவது பாடம். "அது மனப்பாடம் ஆயிடுச்சும்மா. கடைசி மூணு வருஷத்துக்கு அஞ்சாயிரத்து நானூறுன்னு இருக்கே, அதைச் சொல்லுங்க. அப்படியே எழுதி அனுப்பினா வரிக்காரன் என்னைத் திருடன்னு சொல்வான்."

"சொல்லமாட்டாங்க. உங்க பென்ஷன்ல யார் கட்டினாலும் சலுகை உங்களுக்குத்தான்."

"யார் கட்டினாலும்னா? வேற யாரு கட்டுறா?"

"இன்னொரு கணக்குலேருந்து மாசம் நூத்தறுபது வருது. க்ளிஃபர்ட் ஆர்மிடேஜ். நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்ட பேப்பர்கூட இருக்கு."

டெரக்குக்கு அந்தக் கையெழுத்து நினைவுக்கு வந்தது. ஃபுட்பால் ஓடிக்கொண்டிருந்தது. இங்க ஒண்ணு போடு தம்பி என்று மாமனார் ஒரு தாளை நீட்டினார். டாக்டரிடம் முகவரி மாற்றுவதற்காக இருக்கும் என்று நினைத்து, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே போட்டான். வருடா வருடம் பென்ஷன் கம்பெனியிலிருந்து வந்த உறைகளை அவன் பிரித்ததும் இல்லை.

"எதுக்குன்னு ஏதாவது எழுதியிருக்கா?"

"குறிப்புல எல்லா மாசமும் ஒரே வார்த்தைதான். சாப்பாட்டுக் காசு. உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது" என்றான்.

ஃபார்மில் மூன்று கட்டங்களில் அஞ்சாயிரத்து நானூறு என்று அடித்தான். முதல் வருடத்துக்கு மட்டும் மூவாயிரம். அனுப்பினான். வந்து சேர்ந்தது என்று திரையில் ஒரு பச்சைக் குறி வந்தது.

வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தான். க்ளிஃபர்ட் மழையில் நனைந்து நின்றார். கோட்டைக் கழற்றி மாடிப்படிக் கைப்பிடியில் போட்டார்.

"வரிக்காரனோட சண்டை முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுது க்ளிஃப்."

"ஏதாவது தேறுச்சா?"

"தேறுச்சு."

"கேட்டு வாங்கணும். கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தா ஒண்ணும் கிடைக்காது" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனார். கெட்டிலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஜோசி மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"சொல்லிட்டியா?" என்றாள், குரலே எழாமல்.

டெரக் மின்சார மீட்டர் அலமாரியைத் திறந்தான். அந்த வீட்டில் இரண்டு பேரிடம்தான் வாசல் சாவி உண்டு. மூன்றாவது, பிளம்பர் வந்தால் கொடுப்பதற்காக உள்ளே ஆணியில் தொங்கும். அதை எடுத்து, ஈரக் கோட்டின் பைக்குள் போட்டான்.