சின்ன ரிசீவர் காணும்

"சின்ன ரிசீவர் காணும் தம்பி, பெரிசு தேவையில்லை…"

"காணாது அத்தான், பிளேன் கடலுக்கு மேல…"

"நான் சொல்லுறதைக் கேள்!"

வெள்ளவத்தைக் கடையில் மைத்துனன் தேனுஜனைப் பேசவிடாமல் சிவபாலன் கத்தினார். ஞாயிறுதோறும் கடற்கரையில் தேனுஜன் செய்து பறக்கவிடும் ரிமோட் விமானத்துக்குத்தான் கைதட்டல். அவருடையதை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. போதாததற்கு இன்னொரு விமானம் செய்கிறானாம்! சின்ன ரிசீவரை அதில் பூட்டினால், முந்நூறு மீட்டருக்கு அப்பால் விமானம் ரிமோட்டின் பேச்சைக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். விழட்டும், கடலிலேயே விழட்டும்.

"சரி, உங்கட சொல்லுத்தான்."

தேனுஜன் சின்னதையே வாங்கினான். வெளியே வந்ததும் சிரித்தான்.

"இனி ஒளிக்கேலாது அத்தான். இது உங்கட பிறந்தநாளுக்கு எண்டு அக்கா என்னைக் கொண்டு செய்விச்ச பிளேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லாருக்கும் முன்னால, கடலுக்கு மேல நீங்கள்தான் பறக்கவிடவேணும்."