இரட்டை முடிச்சு

சவுக்குத் தோப்பில் ஒன்பதாம் எண் ஆண்மரத்தின் அடிக்கட்டை மட்டும் நின்றது. அதன் கன்றுகள் கோணல்மாணலாக வளர்ந்ததால், போன மாதம் ஆராய்ச்சியாளர் ஹெலன்தான் அதை வெட்டச் சொன்னாள். இன்று மரபணு அறிக்கை வந்துவிட்டது. அந்தக் கன்றுகளில் ஒன்றுகூட ஒன்பதுக்குப் பிறந்ததல்ல.

நாலு வருடத்துக்கு முன்பு, வேறு மகரந்தம் அண்டக்கூடாதென்று பெண்மரத்துப் பூக்களுக்குக் காகித உறை மாட்டியவள் அவள். யாராவது அவிழ்த்தால் தெரியட்டும் என்று தனக்கே உரிய இரட்டை முடிச்சும் போட்டிருந்தாள். ஒன்பதின் மகரந்தத்தை ஊசியால் உறைக்குள் செலுத்த வேண்டியவர், கூட வேலை பார்க்கும் தணிகைவேல். அவர் அடிக்கட்டையைப் பார்த்தபடியே பேசினார்.

“மகரந்தம் ஈரம் பட்டு வீணாப்போச்சு மேடம். உறையைக் கழட்டி, காத்துல வர்ற மகரந்தம் படட்டும்னு பூவை ரெண்டு நாள் தெறந்து விட்டுட்டேன். காய் புடிச்சா போதும்னு நெனச்சேன்.”

“மூணாம் நாள் நான் வந்து பாத்தேனே. என் முடிச்சு அப்படியேதானே இருந்துச்சு?”

“நான்தான் திரும்பக் கட்டுனேன். நீங்க போடுறதப் பாத்துப் பாத்து எனக்கும் வந்துருச்சு.”

ஹெலன் நிமிர்ந்தாள். இந்த வருடத்து உறைகள் தோப்பு முழுக்கக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் அவளுடைய முடிச்சு.