தகரத் தோல் மீன்

வலை இழுத்த களைப்பில், தோணிப் பலகை என்று நினைத்து நான் உட்கார்ந்தது ஒரு மீனின் மேல். முதுகு முள்ளை நிமிர்த்திக்கொண்டு அது அங்கே கிடந்தது. வலையிலிருந்து கழற்றி அங்கே போட்டவனும் நான்தான். துள்ளி எழுந்த வேகத்தில் கால் பட்டு, அன்றைக்குக் கிடைத்திருந்த கொஞ்ச மணலை மீனும் கூடையோடு களப்புத் தண்ணீரில் கவிழ்ந்தது.

"நல்ல ஆள் மச்சான் நீங்க," என்றான் தண்டு வலித்துக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பி மிஹ்லார். "திங்கிற மீன விட்டுட்டீங்க. திங்க ஏலாததக் குந்திப் புடிச்சிட்டீங்க."

திங்க ஏலாதது என்றால் டேங்க் கிளீனர். பாசி தின்னட்டும் என்று யாரோ கண்ணாடித் தொட்டிக்கு வாங்கி, பெருத்ததும் குளத்தில் விட, மழை வெள்ளத்தோடு ஆற்றில் இறங்கிக் கரைத்தீவுப் பக்கம் வந்து சேர்ந்த வெளிநாட்டுச் சாமான். தோல் தகரம், முள் ஆணி. ஒருமுறை கறி வைத்துப் பார்த்தோம்; சட்டியைத் தின்பது சுலபம்.

"வெள்ளமும் வத்திட்டு. இன்னும் எங்கருந்துடா வருகுது?" என்றேன், பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே.

"அதுகிட்டயே கேளுங்க மச்சான். உங்களோட நெருக்கமாத்தானே ஈக்கி."

என்னிடம் மிஞ்சியிருந்தது இந்த ஒரு வலைதான். என் மனைவி றைஸா பொத்தப் பொத்த அந்த மீன்கள் கிழித்தன. இதுவும் போனால் பழையபடி கட்டாருக்குப் போய் ஊரார் கார்களைக் கழுவ வேண்டியதுதான். ஏஜென்சிக்காரன் பாஸ்போட் கேட்டுப் போனில் கோல் எடுத்தபடி இருந்தான்.

கரையில் மீனவர் சங்கத் தலைவர் நூஹு நானா நின்றார். அவரிடமும் அதையே கேட்டேன்.

"அல்லாஹ் அனுப்புறான். நீ இரி, டீ குடிப்பம்."

"இரிக்க ஏலா நானா."

நான் கோபத்தில் நிற்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போலும். குரலைத் தாழ்த்தினார். "சங்கத்துச் சட்டம் தெரியும்தானே? பட்டதத் திரும்பத் தண்ணில விடப்படா. புதைக்கணும். நீ புதைக்கிறதானே?"

"ஒன்டு விடாம, நானா."

பொய்யில்லை. ஆனால் புதைப்பது நானில்லை. கரைக்கு வந்து நெடுநேரமாகியும் அந்த மீன் சாகாது. வாயை வட்டமாகத் திறந்து என்னையே பார்க்கும். எனக்குக் கை ஓடாது. அதனால் அந்த வேலையை றைஸாவிடம் கொடுத்திருந்தேன். விறகுக்குள் புகுந்த புடையன் பாம்பை உலக்கையால் ஒரே அடியில் முடித்தவள். என்மேல் இரக்கப்பட்டதாகவும் சரித்திரமில்லை.

வீட்டுக்குப் போய் மீன் கிடந்த பிளாஸ்டிக் பேசினை அவளிடம் நீட்டிவிட்டுக் குப்புறப் படுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். "வலைல படாதது நீங்க ஒரு ஆள்தான்னு பாத்தன். நீங்களும் பட்டுட்டீங்க," என்று பேசினைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது அவள் உடுப்பின் ஓரம் முழங்கால்வரை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. "பேசினக் கழுவினன்," என்றாள். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு வலையை மடியில் விரித்தாள். விரித்தவள் ஊசியை எங்கே குத்துவதென்று தேடினாள்.

"பொத்த ஏலாதா?" என்றேன்.

"எதப் பொத்துற? ஓட்டையச் சுத்தித்தான் வலை ஈக்கி."

போன் அடித்தது. ஏஜென்சிக்காரன். இந்தத் தடவை சாக்குச் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. "ஓம், நாளைக்குப் பாஸ்போட்டோட வாறன்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

றைஸாவின் கையில் ஊசி நின்றது. "மெய்யாப் போகத்தானா போறீங்க?"

"பின்ன? புடிச்சிப் புடிச்சிப் புதைச்சும் குறையுதில்ல. இந்தச் சனியன் எங்கருந்துதான் வருகுதுன்னு ஒரு மனிசன் நேரா ஒரு பதில் செல்றானில்ல."

அவள் வலையை மடியிலிருந்து மெதுவாக இறக்கி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நம்மட வூட்டுலருந்துதான். உசிரோட மண்ணப் போட ஏலாம, ஒவ்வொரு நாளும் நாந்தான் கொண்டுபோய்த் தண்ணில விட்டன்."