நாலாவது கிடார்

சர்ச் ஆராதனைக் குழுவுக்குக் கிடார் வாங்க ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் மூன்று கிடார்களை எடுத்து மீட்டினார். மூன்றுக்கும் மனைவி உதட்டைப் பிதுக்கினார்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "வாசிக்கிறவர் இஷ்டத்துக்கு விடுங்கம்மா!"

நாலாவதில் மனைவியின் முகம் மலர்ந்தது. "இதுதாங்க. பாடுறவங்க குரலை அமுக்காது."

"சார், உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"எனக்கென்னங்க தெரியும்? இப்ப மீட்டினேனே, இந்த ஒண்ணு மட்டும்தான் வரும். அதுவும் காலையில இவ சொல்லிக்குடுத்தது."

சிரித்தபடி மனைவியின் சால்வையை விலக்கினார். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

"அடுத்த மாசம் கட்டுப் பிரிச்சதும் சர்ச்சுக்கு வந்து இவ வாசிக்கிறதைக் கேளுங்க. குழுவையே நடத்துறது இவதான்!" என்றவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "கிடார் பெட்டியத் தூக்கிட்டு வர்றது நான்!"