கிழமைக்கு ஒரு எலி

"பாம்புக்கு எலி தீத்துற வேலையெல்லாம் என்னட்டை வைச்சுக்கொள்ளாதை. மச்சம் மாமிசம் சமைக்காத வீடு இது."

பத்மநாதன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

மகன் அபிஷன் ஆறு மாதப் படிப்புக்கு ஸ்கொட்லாந்து போகிறான். அவனுடைய அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. விஷமில்லாத சாதிதான். ஆனாலும் பாம்பு.

அபிஷன் தாயின் பக்கம் திரும்பினான்.

"கிழமைக்கு ஒண்டு போதும், அம்மா. கட்டிடத்துக்குக் கீழ, கெல்லரில, உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் பக்கத்தில ஃப்ரீசர் நிறைய உறைஞ்ச எலி இருக்கு. சுடுதண்ணியில போட்டு இளக்கி, இடுக்கியால நீட்டினாச் சரி."

கஜலக்சுமி காதைப் பொத்தினாள். வேண்டுமானால் ஒரு கிண்ணத்தில் பால் வைக்கிறேன், அதற்கு மேல் கேட்காதே என்றாள்.

"பாம்பு பால் குடிக்காதம்மா."

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "அது செத்துதெண்டா நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டன்."

சொன்னால் செய்கிறவன். தகப்பனைப் போல.

சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனில், அந்த அடுக்குமாடி வீட்டில் அதற்குப் பிறகு பாம்பு என்ற பேச்சே எழவில்லை. பத்மநாதன் கண்டவரை கஜலக்சுமி அந்த அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விரதம். பின்னேரம் கோயிலுக்குக் கிளம்பினாள். அவள் பஸ் ஏறுவதை ஜன்னலால் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு பத்மநாதன் கெல்லருக்கு இறங்கினார்.

ஒரு பழைய ஜாம் போத்தலில் சுடுதண்ணீர். அதற்குள் எலி. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு இடுக்கியை நீட்டினார். லபக்கென்று பாம்பு கவ்வியது. பிறகு தலைக்கு முழுகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து வெள்ளி தோறும் இதே வேலை.

கோயிலால் வந்து திருநீறு நீட்டுகிறவளைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சீவன் பட்டினி கிடக்கிறதோ என்று எட்டியும் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை திரும்பி வருவானோ என்ற கவலையும் இல்லை. கல்லு மனுசி. இவளுக்கு என்ன சாமி, என்ன விரதம்?

மூன்றாம் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, வீடெல்லாம் நாற்றம். பாம்பு விழுங்கின எலியை அப்படியே கக்கிவிட்டு அசையாமல் கிடந்தது.

 பத்மநாதன் பாம்பை ஒரு அட்டைப்பெட்டிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் புறப்பட்டார். பார்த்தால், கஜலக்சுமி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"நீர் ஏன் வாறீர்? செத்துப்போச்சோ எண்டு பாக்கவோ?"

 அவள் போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். பாம்பை நிறுத்துப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், எப்போது சாப்பாடு கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

இனி மறைக்க வழியில்லை. மனைவியைப் பார்க்காமல் பத்மநாதன் ஜெர்மனில் முணுமுணுத்தார். கிழமைக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை. நான்தான்.

வைத்தியர் தலையை ஆட்டினார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் கணக்கு உதைக்கிறது, இது அளவுக்கு மீறிக் கொழுத்திருக்கிறது என்றார். ஒன்று செரிக்க முதல் இன்னொன்று உள்ளே போகிறது. வீட்டில் வேறு யாராவது கொடுக்கிறார்களோ?

"ஒருத்தரும் இல்லை," என்றார் பத்மநாதன் அடித்து.

பின்னால் கஜலக்சுமி தொண்டையைச் செருமினாள்.

"புதன்கிழமை எங்கட வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கிற முறை. கெல்லருக்கு எப்பிடியும் போறனான்தானே..."

பத்மநாதன் மெல்லத் திரும்பினார். அவளோ அதற்குள் அவரை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"அது கிடக்கட்டும். விரத நாளெண்டு நானே வெள்ளியை விட்டுப் புதனில குடுத்தா, நீங்கள் வெள்ளிக்கிழமையிலயோ எலி தீத்தினனீங்கள்?"