டம்ளரில் விழுந்த முகம்

பட்டாணியின் காலடியில் ஒரு சோற்றுப் பருக்கையை ஒட்டினான்.

பருக்கை இல்லாவிட்டால் பட்டாணித் துரை நிற்க மாட்டார். பச்சை பிளாஸ்டிக் சிப்பாய். கட்டைவிரல் உயரம். இடது கால் நுனி, மகள் துளசிக்குப் பல் முளைத்தபோது அவள் வாய்க்குள் போய்விட்டது.

இன்று அவருக்கு மலையேற்றம்.

சமையல் மேடையில் ரவையைக் கொட்டிப் பனி செய்தாகிவிட்டது. பின்னால் கொத்தமல்லிக்கட்டு. அது காடு. மேகத்துக்கு ஊதுவத்தி. சிகரமாக, கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்.

போனைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸை மேடையோடு ஒட்டி வைத்தான். பட்டாணி விசுவரூபம் எடுத்து நின்றார்.

துளசி இருந்திருந்தால் கை தட்டியிருப்பாள்.

துளசி கரூரில் இருக்கிறாள், அம்மாவோடு, தாத்தா வீட்டில். தாத்தாவுக்குத் துண்டும் போர்வையும் நெய்கிற தறிப்பட்டறை. சண்டை எதில் தொடங்கியது என்று இப்போது கேட்டால் அவனும் முழிப்பான், மனைவி சுகந்தியும் முழிப்பாள். ஆனால் தொடங்கிவிட்டது. போகும்போது துளசி யானையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மற்ற பொம்மைகள் அப்பாவுக்குத் துணை என்றாள்.

முதலில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் சுகந்தி சொன்னாள்.

"உங்க மொகத்தப் பாத்தா ரெண்டு நாளைக்கு அவளுக்குச் சோறு எறங்கறதில்லைங்க. பொம்மைய மட்டும் அனுப்புங்க, போதும்."

அவனுக்கும்தான் இறங்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் ஒரு படம். பட்டாணி தோசைக்கல்லில் பாலைவனம் கடப்பார். வாளியில் கப்பல் ஓட்டுவார். பதிலுக்கு ஒரு மஞ்சள் கட்டைவிரல் வரும். அழுத்தியது மகளா மனைவியா என்று தெரியாது. யாராக இருந்தாலும் அதைப் பார்த்தபிறகுதான் அவனுக்குப் பொழுது விடியும்.

அவன் மட்டும் எந்தப் படத்திலும் வரமாட்டான். பேச்சு பேச்சுதான்.

பளபளக்கிற பாத்திரம் என்றால் போனுக்குப் பின்னால் கறுப்புத் துண்டு பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுப்பவனும் படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்வான். முன்பெல்லாம் துண்டு பிடிப்பது சுகந்தி. கை கடுக்குது என்று முணுமுணுப்பாள். ஆனால் படம் முடிகிறவரை இம்மி அசைய மாட்டாள். இப்போது அவனே தலைமேல் போட்டுக்கொள்கிறான்.

வாசலில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. அவசரமாக எடுத்தான். அனுப்பினான். ஓடினான்.

பஸ்ஸில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

டம்ளரில் அவன் முகம். நீண்டு, கோணலாக, சவரம் செய்யாமல், நாக்கைத் துருத்திக்கொண்டு.

துண்டு சமையலறைக் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

அழித்துவிடலாம் என்று பார்த்தான். அதற்குள் இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன.

கட்டைவிரல் வரவில்லை. டீ நேரத்திலும் வரவில்லை. இனி பொம்மையும் வேண்டாம் என்று சுகந்தி சொல்லிவிடுவாள். குழந்தை சாப்பிட்டாளோ இல்லையோ. மேஸ்திரி எதற்கோ திட்டினார், அது காதில் ஏறவே இல்லை.

சாப்பாட்டு மணி அடித்தபோது போன் அதிர்ந்தது.

ஒரு படம்.

கரூர் வீட்டுச் சமையலறை. யானையை இரண்டு சின்னக் கைகள் பிடித்திருந்தன. பக்கத்தில் தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் குடம். யானை மங்கலாக இருந்தது. ஃபோகஸ் தப்பு என்றுதான் முதலில் நினைத்தான்.

தப்பில்லை. ஃபோகஸ் குடத்தின்மேல் இருந்தது.

குடத்தின் வயிற்றில் துளசி சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்றைக் காணோம். எப்போது விழுந்தது? யாரும் சொல்லவே இல்லையே. கன்னத்தில் ஒரு பருக்கை சோறு ஒட்டியிருந்தது.

டிபன் பாக்ஸைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. அவள் இரண்டு கையும் யானைமேல் இருக்கின்றன.

படத்தை இன்னும் பெரிதாக்கினான்.

துளசியின் தலைக்கு மேலே போன். போனுக்குப் பின்னால் துண்டு இல்லை. கோணலாக, பாதி நெற்றி, ஒரு பொட்டு, நேராக அவனையே பார்க்கிற ஒரு கண்.

தறிக்காரர் வீட்டில் துண்டுக்கா பஞ்சம்.